காருக்குள் ஒரு சேஃப்டி வால்வு!

"கார் சமாச்சாரமா? அதெல்லாம் அவர் பார்த்துக்கொள்வார்" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே. உங்கள் சமையலறையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

குக்கர் மூடியில் வெயிட் போடும் குழாய்க்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு சேஃப்டி வால்வு இருக்கிறதல்லவா? உள்ளே தண்ணீர் வற்றிப்போனாலோ, பருப்பு நுரை ஏறிக் குழாய் அடைத்துக்கொண்டாலோ, சூடு தாங்காமல் அது உருகி வழிவிட்டுவிடும். "புஸ்" என்று ஆவி வெளியேறும். அப்போது நாம் என்ன செய்கிறோம்? முதலில் அடுப்பை அணைக்கிறோம். குழந்தையைத் தூரப் போகச் சொல்கிறோம். குக்கர் ஆறியபின் குழாயை ஊதிப் பார்த்து, அடைப்பை எடுத்துவிட்டு, அப்புறம்தான் புது வால்வு போடுகிறோம். வால்வு போனதே என்று இன்னொன்றைத் திருகி உடனே அடுப்பில் ஏற்றுகிற பெண்ணை நான் பார்த்ததில்லை.

காரிலும் இப்படி ஒரு காவல்காரன் உண்டு. பெரிய அதிர்ச்சி ஏற்பட்டால் எஞ்சினுக்குப் பெட்ரோல் போகாமல் நிறுத்திவிடும் ஸ்விட்ச். மெக்கானிக்குகள் 'இனர்ஷியா ஸ்விட்ச்' என்பார்கள். கார் வாங்கும்போது பாட்டுப் பெட்டியைக் காட்டுகிறார்கள், குளிர்சாதனத்தைக் காட்டுகிறார்கள், டம்ளர் வைக்கிற குழியைக்கூடக் காட்டுகிறார்கள். இந்த ஸ்விட்சை யாரும் காட்டுவதில்லை. அது 'விழுந்து' கார் நடுவழியில் நிற்கும்போதுதான் அதைப் பற்றிப் பேச்சே வருகிறது. அந்த நேரத்தில் மடியில் கைக்குழந்தையும் பின் சீட்டில் பெரியவர்களுமாக நாம் உட்கார்ந்திருப்போம்.

நம் அப்பா காலத்து அம்பாஸடருக்கும் பிரீமியர் பத்மினிக்கும் இது தேவைப்படவில்லை. அவற்றில் பெட்ரோல் பம்பு எஞ்சினோடு ஒட்டிக்கொண்டிருக்கும். எஞ்சின் சுற்றினால்தான் பம்பும் வேலை செய்யும். எஞ்சின் நின்றால் அதுவும் நின்றுவிடும். கார்புரேட்டர் போய் இன்ஜெக்‌ஷன் முறை வந்தபோது கதை மாறியது. இப்போது பம்பு பெட்ரோல் டாங்குக்குள்ளேயே மூழ்கிக் கிடக்கிறது, மின்சாரத்தில் ஓடுகிறது. அது பெட்ரோலைத் தள்ளுகிற அழுத்தம் நம் குக்கருக்குள் இருப்பதைப்போல மூன்று, நான்கு மடங்கு. மோதலில் குழாய் ஒன்று பிய்ந்து, பம்பு மட்டும் ஓடிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? சூடான எஞ்சின்மேல் பெட்ரோல் பீச்சி அடிக்கும். எஞ்சின் நின்றதும் பம்பை நிறுத்துகிற ஏற்பாடு காரின் மின்னணு மூளையில் இருக்கிறது என்றாலும், மோதிய வேகத்தில் எது வேலை செய்யும், எது செய்யாது என்று சொல்ல முடியாதே! அதனால்தான் தனியாக இந்த ஸ்விட்ச்.

அதன் உள்ளே இருப்பது ஒன்றும் பெரிய வித்தையில்லை. குழிப்பணியாரக் கல்லின் ஒரு குழியில் கோலிக்குண்டு ஒன்றைப் போடுங்கள். கல்லை மெள்ளத் தட்டினால் குண்டு அசைந்து அடங்கிவிடும். ஓங்கித் தட்டினால் குழியை விட்டு எகிறும். அவ்வளவுதான். ஸ்விட்சுக்குள் எஃகுக் குண்டு ஒன்றை ஒரு காந்தம் பிடித்து வைத்திருக்கிறது. சாதாரணக் குலுக்கலுக்குக் காந்தம் விடாது. பலமான அதிர்ச்சி வந்தால் குண்டு காந்தத்தை மீறிக் குழியின் சரிவில் ஏறி, மேலே இருக்கும் தகட்டை முட்டும். மின் இணைப்பு விட்டுப்போகும், பம்பு நிற்கும், மேலே இருக்கிற பொத்தான் துருத்திக்கொள்ளும். மோதினால்தான் விழும் என்றில்லை. கார் நிறுத்தும்போது சுவரில் இடித்தாலோ, பெரிய பள்ளத்தில் இறங்கினாலோகூடச் சில சமயம் விழுந்துவிடுகிறது.

எங்களுக்கு அது வையம்பட்டியில் விழுந்தது. குழந்தைக்கு முடி இறக்க ஸ்ரீரங்கத்திலிருந்து பழநிக்குப் போய்க்கொண்டிருந்தோம். என்னவர் அலுவலக வேலையாகக் கோவையில். அங்கிருந்து நேரே பழநிக்கு வந்துவிடுவதாக ஏற்பாடு. ஸ்டியரிங்கில் நான். பக்கத்தில் கல்லூரியில் படிக்கும் கொழுந்தன். பின்னால் அத்தை, அவர் மடியில் பதினோரு மாதப் பிள்ளை, பக்கத்தில் ஆறு வயதுப் பெண். மணப்பாறையில் வாங்கிய முறுக்குப் பொட்டலத்தை அவள் பாதி காலி செய்துவிட்டுத் தண்ணீர் கேட்க ஆரம்பித்தாள். சின்னவனும் அழவே, திண்டுக்கல் நெடுஞ்சாலையை விட்டு வையம்பட்டி ஊருக்குள் திரும்பினேன். திருச்சியிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் சுமாருக்கு இருக்கும். முப்பது வேகத்துக்குள்தான் போனேன். மர நிழலில், வெள்ளைக் கோடு இல்லாத வேகத்தடை. (இந்திய சாலைக் காங்கிரஸ் வகுத்த அளவுப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமுமாக, யானை முதுகுபோலச் சரிவாக இருக்க வேண்டும். இது மதில் சுவரைப் படுக்க வைத்ததுபோல இருந்தது.) 'தடால்' என்று அடிப்பாகம் தட்டியது. கொஞ்ச தூரத்தில் எஞ்சின் பேச்சு மூச்சில்லாமல் அடங்கிவிட்டது.

ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எஞ்சின் நின்றதும் ஸ்டியரிங் உரல்போலக் கனக்கும். பிரேக்கும் ஒன்றிரண்டு மிதிக்குத்தான் இலேசாகப் பிடிக்கும். விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்தி ஓரம் கட்டிவிட வேண்டும். நான் அப்படியே ஒரு புளியமரத்தடியில் நிறுத்தி, சாவியை அணைத்து, நாலு இண்டிகேட்டரையும் மினுக்க விட்டேன். "அத்தை, பிள்ளையைத் தூக்கிக்கிட்டு ரோட்டுக்கு எதிர்ப் பக்கமா எறங்குங்க" என்றேன். எதிரே டீக்கடை. கடைக்கார அம்மாள், "ஏந்தாயி, பச்சப் புள்ளைய வச்சுக்கிட்டு வெயில்ல நிக்கிறீங்க? இப்படி வந்து ஒக்காருங்க" என்று பெஞ்சைத் துடைத்துப் போட்டார்கள்.

நம் ஊரில் ஒரு கார் நின்றால் போதும், உதவிக்கு நாலு பேர் வந்துவிடுவார்கள். அது நம் பாக்கியம். வந்தவர்களில் ஒருவர் வாயில் பீடி! "அண்ணே, கோவிச்சுக்காதீங்க, பீடிய கடையிலேயே வச்சிட்டு வாங்க. பெட்ரோல் ஒழுகுதான்னு இன்னும் பாக்கல" என்றேன். "அடடே" என்று அவர் பக்கத்துப் பள்ளத்தில் வீசப் போனார். "பள்ளத்துல வேண்டாம்ணே!" என்று நான் கத்தினது எல்லோருக்கும் வேடிக்கையாக இருந்தது. காரணம் உண்டு. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. சமையல் வாயுபோலவே தரையோடு தவழ்ந்து போய்ப் பள்ளத்தில் தங்கும். எந்தக் குளிரிலும் அது பற்றக்கூடிய ஆவியை விட்டுக்கொண்டே இருக்கும். டீசல் அவ்வளவு சட்டென்று பற்றாது. பெட்ரோலுக்கு ஒரு பொறி போதும்.

ஏன் நின்றது என்று எப்படித் தெரிந்துகொள்வது? பாட்டரி செத்திருந்தால் விளக்கு மங்கும், சாவியைத் திருகினால் 'கடக் கடக்' என்று சத்தம் வரும், அல்லது ஒன்றுமே வராது. விளக்கும் ஹாரனும் நன்றாக இருந்து, ஸ்டார்ட்டரும் தாராளமாகச் சுற்றி, எஞ்சின் மட்டும் பிடிக்கவில்லை என்றால் பெட்ரோல் வரவில்லை என்று சந்தேகப்படலாம். இன்னொரு அடையாளமும் உண்டு. நன்றாக இருக்கிற காரில் சாவியைத் திருகி, ஸ்டார்ட் செய்யாமல் நிறுத்தினால், பின் சீட்டுக்கு அடியிலிருந்து இரண்டொரு விநாடி 'உம்ம்ம்' என்று ஒரு முனகல் கேட்கும். அதுதான் பம்பு. வீட்டில் ஒரு நாள் ரேடியோவை அணைத்துவிட்டு இதைக் கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள். இந்த முனகல் இல்லை என்றால் பம்பு ஓடவில்லை. ஃபியூஸ், ரிலே போனாலும் இப்படி ஆகும்தான். ஆனால் அதிர்ச்சிக்குப் பிறகு நின்ற கார் என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்த ஸ்விட்சைத்தான். இதற்காக ஸ்டார்ட்டரைத் திரும்பத் திரும்பத் திருக வேண்டாம். கசிவு இருக்குமோ என்ற சந்தேகம் தீரும்வரை சாவியைத் தொடவே கூடாது. நான் அங்கே தொடவில்லை. தட்டிய வேகத்தில் நின்ற கார், வேறென்ன இருக்கப் போகிறது?

எங்களுடையது பழைய வண்டி, இரண்டாம் கையாக வாங்கியது. நல்ல வேளையாக மேனுவல் புத்தகம் டேஷ்போர்டு பெட்டியில் பத்திரமாக இருந்தது. ஓட்டுகிறவர் கால் வைக்கும் இடத்தில், பக்கவாட்டில் என்று படம் போட்டிருந்தது. பார்த்தால் அங்கே ஒன்றையும் காணோம்! சீட் கவர் தைத்தவர்கள் தரையிலிருந்து பக்கச் சுவர்வரை மெத்தென்று ரெக்ஸின் ஒட்டி மூடியிருந்தார்கள். கொழுந்தன் விரலால் தடவித் தடவி, ஓரத்தைப் பிரித்துக் கண்டுபிடித்தான். சிவப்புப் பொத்தான் துருத்திக்கொண்டு நின்றது.

"இதோ இருக்கு அண்ணி, அமுக்கிடட்டா?"

"இரு இரு, மொதல்ல கீழே பாப்போம்."

எல்லாவற்றிலும் முக்கியம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். ஸ்விட்ச் ஏன் விழுந்தது என்று பார்க்காமல் அதை அமுக்குவது, அடைத்த குக்கருக்குப் புது வால்வு போட்டு அடுப்பேற்றுவது மாதிரி. அமுக்கின மறு விநாடியே அந்தக் குழாயில் பழையபடி அழுத்தம் ஏறத் தயாராகிவிடும். குழாய் பிய்ந்திருந்தால்?

பால் அடிப்பிடிப்பதை வாசலிலிருந்தே சொல்லிவிடுகிற மூக்கு எங்கள் அத்தைக்கு. பிள்ளையைக் கடைக்கார அம்மாளிடம் கொடுத்துவிட்டு வந்து காரை ஒரு சுற்றுச் சுற்றினார். "பெட்ரோல் வாடை இல்லடி" என்றார். கொழுந்தன் குனிந்து டாங்க் பக்கம், நடுப்பகுதி, எஞ்சின் அடி என்று கைபேசி வெளிச்சத்தில் பார்த்தான். (தீக்குச்சி கிழித்துப் பார்க்கிற மகானுபாவர்களும் இருக்கிறார்கள், ஜாக்கிரதை!) "அண்ணி, சொட்டுது!" என்றான். எனக்குப் பகீர் என்றது. முன் பக்கம், இடது கால் வைக்கும் இடத்துக்கு நேர் கீழே சொட்டுச் சொட்டாகத் தரை நனைந்திருந்தது. விரலில் தொட்டு முகர்ந்தேன். வாடையே இல்லை, வெறும் தண்ணீர். குளிர்சாதனத்திலிருந்து வடிகிற நீர்! ஏ.ஸி. போட்டு ஓட்டினால் இது எப்போதும் சொட்டும். இதைப் பெட்ரோல் என்று பயப்படுகிறவர்களும் உண்டு, நிஜமான பெட்ரோலை ஏ.ஸி. தண்ணீர் என்று அலட்சியம் செய்கிறவர்களும் உண்டு. பெட்ரோல் விரலில் ஜிலீரென்று இருக்கும், நொடியில் உலர்ந்துபோகும், வாடை காட்டிக் கொடுத்துவிடும்.

அதன் பிறகுதான் பொத்தானை அமுக்கினோம். 'டிக்' என்று உட்கார்ந்தது. உடனே ஸ்டார்ட் செய்யவில்லை. சாவியைத் திருகி, பம்பு முனகுவதைக் கேட்டு, சில விநாடி விட்டு மறுபடி அணைத்தேன். இன்னொரு தடவை அடியில் பார்த்தோம், முகர்ந்தோம். இப்போது குழாயில் அழுத்தம் ஏறியிருப்பதால், முதலில் தெரியாத சிறு விரிசல்கூட இந்த இரண்டாவது பார்வையில் தெரிந்துவிடும். ஒன்றும் இல்லை. ஸ்டார்ட் செய்தேன், பிடித்துக்கொண்டது. டீக்கு அந்த அம்மாள் காசு வாங்க மறுத்ததும், அத்தை வம்படியாகப் பெஞ்சில் வைத்துவிட்டு வந்ததும் தனிக் கதை.

சரி, பெட்ரோல் வாடை வந்திருந்தால்? பொத்தானையும் தொடக் கூடாது, சாவியையும் தொடக் கூடாது. எல்லோரும் இறங்கி, காற்று வீசுகிற திசைக்கு எதிர்ப்புறமாக, வீட்டு முற்றத்தைப்போல் மூன்று நான்கு மடங்கு தள்ளிப் போய்விட வேண்டும். பை, பால் புட்டி, முறுக்குப் பொட்டலம் எல்லாம் காரிலேயே இருக்கட்டும். யாருக்காவது அடிபட்டிருந்தால் 108. தீ அல்லது பொதுவான அவசரத்துக்கு 112. தேசிய நெடுஞ்சாலையில் நின்றுவிட்டால் 1033 என்ற எண்ணுக்குக் கூப்பிடலாம். இந்த மூன்று எண்களையும் கைபேசியில் மட்டுமல்ல, ஒரு சீட்டில் எழுதிக் காரிலும் ஒட்டிவையுங்கள். வீட்டுப் பெரியவர்களுக்குச் சீட்டுதான் சௌகரியம்.

இனி உங்கள் காருக்கு வருவோம். ஃபோர்டு கம்பெனி 1999-இல் நம் மறைமலை நகரில் செய்த இக்கான், அப்புறம் வந்த ஃபியஸ்டா முதலிய கார்களில் இந்தப் பொத்தான் உண்டு. 2021-இல் அந்தக் கம்பெனி இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. ஆனால் அந்த வண்டிகள் கை மாறிக் கை மாறி நம் ஊர்களில் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. முதல் கார் வாங்குகிற இளம் தம்பதிகள் பலர் இப்படிப்பட்ட பழைய வண்டியைத்தான் வாங்குகிறார்கள், பெரும்பாலும் மேனுவல் புத்தகம் இல்லாமல்! வாங்கும்போதே, "பெட்ரோல் கட் ஆகிற ஸ்விட்ச் இருக்கா, எங்கே இருக்கு?" என்று கேளுங்கள். விற்கிறவர் விழித்தால் அந்தக் கம்பெனியின் சர்வீஸ் நிலையத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

எல்லா வண்டிக்கும் ஒரே இடம் கிடையாது. கால் வைக்கும் இடத்தின் பக்கச் சுவரில், டேஷ்போர்டுக்கு அடியில், தரை விரிப்புக்குக் கீழே என்று காருக்குக் கார் மாறும். லாண்ட் ரோவர் வண்டிகள் சிலவற்றில் பானெட்டுக்குள் இருக்கும். அமெரிக்காவில் ஓடும் ஃபோர்டு மஸ்டாங் போன்ற கார்களில் டிக்கிக்குள் வைத்தார்கள். டிக்கி நிறையச் சாமான் ஏற்றினால் முதலில் சாமானை இறக்கினால்தான் ஸ்விட்ச் தெரியும்! ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு, என்னவரையும் குழந்தையையும் உட்கார வைத்துப் புத்தகத்தைப் பிரித்து நான் தேடிப் பார்த்ததுபோல நீங்களும் தேடிப் பாருங்கள். இடத்தைக் கண்டதும் ஒரு சின்ன அம்புக்குறி ஸ்டிக்கர். ரெக்ஸினோ தடித்த மேட்டோ மூடியிருந்தால் அந்த அளவுக்கு வெட்டி எடுத்துவிட வேண்டும். எங்கள் வண்டியில் பழநியிலிருந்து திரும்பிய மறுநாளே வெட்டியாகிவிட்டது. குழந்தைகள் காலால் உதைக்கிற இடமானால் அங்கே பை, செருப்பு எதையும் அடைத்து வைக்கக் கூடாது.

புது வண்டிகளில் தேடித் தேடி அலுத்துப்போகாதீர்கள், பொத்தானே இல்லாமல் இருக்கலாம். இப்போது ஏர்பேகைக் கவனிக்கிற மின்னணுப் பெட்டியே பம்பையும் நிறுத்திவிடுகிறது. அப்படிப்பட்ட சில வண்டிகளில் சாவியை அணைத்து, போட்டு, மறுபடி அணைத்துப் போட்டால் பம்பு உயிர் பெறும். ஏர்பேக் விரிகிற அளவுக்கு அடி வாங்கிய வண்டியானால் சர்வீஸ் நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு போவதே சரி. எந்த முறை உங்கள் வண்டிக்கு என்பதை மேனுவலில் படித்து அந்தப் பக்கத்தின் ஓரத்தை மடித்து வையுங்கள். கசிவு பார்ப்பது மட்டும் பொத்தான் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

டிரைவர் வைத்திருக்கிற வீடுகளில் அவருக்கும் தெரியுமா என்று கேட்டுவிடுங்கள். "தெரியும்மா" என்பார். "எங்கே, காட்டுங்க பார்ப்போம்" என்று கேளுங்கள்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. காரணமே இல்லாமல், கல் தட்டினாலும் கதவை அறைந்து சாத்தினாலும் அடிக்கடி விழுகிறது என்றால் ஸ்விட்ச் தேய்ந்திருக்கலாம், அல்லது அதைப் பிடித்திருக்கும் திருகு தளர்ந்திருக்கலாம். பழுது பார்க்கக் கொண்டுபோனால், "இது எதுக்குக்கா தொந்தரவு, ரெண்டு ஒயரையும் சேர்த்து டைரக்டா குடுத்துடறேன், இனிமே நிக்கவே நிக்காது" என்பார்கள். எங்கள் பேட்டைப் பையனும் சொன்னான். அப்படிச் செய்தால் நிற்காதுதான். மோதி நொறுங்கினாலும் இந்த ஸ்விட்ச் பம்பை நிறுத்தாது. "புதுசு வாங்கிப் போடு தம்பி, எவ்வளவு ஆனாலும் சரி" என்று சொல்லிவிட்டு, அவன் மாட்டி முடிக்கிறவரை பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன்.